நாலாம் இடத்துக்கு ஒரு சைலென்சர்

ஜனவரி 9

இது இவருடைய வேட்டைக் கொப்பி. முதல் நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களிலும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறார்: திகதி, காற்று எந்தப் பக்கம், எந்த இடத்தில் இருந்தார், சுட்டது யார். பெண்சாதி என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. மிச்சப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. புதுக் கொப்பி ஒன்று வாங்கலாம்தான். ஆனால் பாதியில் நிற்கிற எதையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

இன்று ஆர்வித் வந்தார். வேட்டைக் குழுவின் தலைவர், அறுபத்தெட்டு வயது. முன்பு மீன் தொழிற்சாலையில் இவருக்கும் எனக்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கதைத்தார். சப்பாத்தைக் கழற்றாத நோர்வேக்காரன் கெட்ட செய்தியோடு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"குணாவின்ர இடம் ஒரு வருசத்துக்கு வெறுமையா இருக்கலாம். அது எங்கட ஒழுங்கு. ஓகஸ்ட் முடியிறதுக்குள்ள புதுப் பெயர்ப் பட்டியல் குடுக்க வேணும். பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த வாத்தியார் கேட்டுக்கொண்டு நிக்கிறார். உம்மட்டச் சொல்லாமல் செய்ய எனக்கு மனமில்லை."

"அந்த இடத்தை நான் எடுக்கலாமோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டது எனக்கே தெரிந்தது.

"நீரோ?"

"ஏன், நீங்கள் பிறக்கேக்கையே துவக்கோட வந்தனீங்களோ?"

அவர் சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி இரண்டு கோப்பை குடித்தார். பயிற்சி, சோதனை, பொலிஸ் அனுமதி, சூட்டுத் தேர்வு என்று விரல் மடித்துச் சொன்னார். எல்லாம் ஓகஸ்ட் முடிவதற்குள்.

(ஆர்வித் கதைப்பது நோர்வேஜிய மொழி. அதில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. ஆனால் அவர் கதைத்தால் எனக்கு 'நீர்' என்றுதான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

ஜனவரி 10

நவம்பரில் போன வெயில் இன்னும் வரவில்லை. மீன் வந்தது. எட்டு மணித்தியாலம் வெட்டினேன்.

ஜனவரி 21

வெயில் வந்தது. பதினொரு நிமிடம். குசினிச் சுவரில் ஒரு துண்டு விழுந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லாததால் நானே பார்த்தேன்.

ஏன் அந்த இடம் வேண்டும் என்று ஆரணி போனில் கேட்டாள். மகள் ஒஸ்லோவில் இருக்கிறாள், பல் வைத்தியர். "அம்மா, உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு? இஞ்ச வந்து இருங்கோவன். அங்க ஆர் இருக்கினம் உங்களுக்கு?" என்றாள்.  அதற்குப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வேட்டை முடிந்ததும் இறைச்சி பிரிப்பது எங்கள் கராஜில்தான். ஆர்வித் இடம் கேட்டதிலிருந்து, இருபத்தெட்டு வருடமாக. இங்கே வேட்டையாடுவது எல்க் என்கிற பெரிய மிருகம். இவர் முதல் நாளே அதற்கு மரை என்று பெயர் வைத்துவிட்டார், வன்னிக்காரருக்குக் காட்டில் நிற்பதெல்லாம் மரைதான். வெட்டிய இறைச்சியை மேசையில் குவியல் குவியலாக வைப்பார்கள். ஒருவர் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலில் கையை வைத்து, "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகைக் காட்டியவர் ஒரு பெயர் சொல்வார். குவியல் அந்தப் பெயருக்கு. நல்ல துண்டு, எலும்புத் துண்டு என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது.

முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு இவர் குசினிக்குள் ஓடி வந்து சிரித்தார். "இஞ்சாரும், இது எங்கட பங்கிறைச்சியெல்லோ!" இவருடைய ஊரில் தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஆடு அடித்து, பங்கு போட்டு, பனையோலையில் கட்டிக் கொடுப்பார்களாம். அடுத்த வருடமே வேட்டைச் சோதனை எழுதிக் குழுவில் சேர்ந்தார். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒரேயொரு கறுத்த மனிதர். காட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் காத்திருக்க ஒரு இடம், நாலாம் இடம் இவருடையது.

இவர் போனது போன ஓகஸ்டில், இறங்குதுறையில், பெட்டி தூக்கும்போது. செப்டெம்பரில் அவர்கள் வழமைபோல் வேட்டைக்குப் போய், வழமைபோல் எங்கள் கராஜுக்கு வந்தார்கள். முதுகைக் காட்டி நின்றவர் பழக்கத்தில் "குணா" என்று சொல்லிவிட்டார்.  ஆர்வித் அந்தக் குவியலைத் தூக்கிக்கொண்டு வந்து என் குசினி மேசையில் வைத்தார். "பழக்கம்," என்றார். பிறகு நிலத்தைக் கழுவிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறிய முதல் மனிதர் ஜனவரி ஒன்பதில் வந்த ஆர்வித்தான். நாலு மாதம்.

ஒரு காலத்தில் இந்த ஊர் மீன் தொழிற்சாலையில் நாற்பது தமிழர் இருந்தோம். ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போனார்கள். கடைசிக் குடும்பம் போய்ப் பதினொரு வருடம்.

வாத்தியாருடைய கராஜ் பெரிதாம், இறைச்சி பிரிப்பதும் அங்கே போய்விடும். ஆரணிக்கு இதைச் சொன்னால் விளங்குமா?

பெப்ரவரி 13

வகுப்பு. நிலத்தில் கிடக்கிற எச்சத்தைப் பார்த்து மிருகத்தின் பெயர் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு வயதில் புழுக்கை படிக்கிறேன். அம்மா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பா.

மார்ச் 6

சோதனை பாஸ். ஐம்பது கேள்வியில் நாற்பத்தெட்டு சரி. பிழைவிட்ட இரண்டும் பறவைகள். ஆர்வித்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "குணா நாற்பத்தாறு எடுத்தவர்," என்றார். மத்தியானம் முழுக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. பின்னேரம் சொல்ல வேண்டிய ஆளைத் தேடிக் கொஞ்சம் அழுதேன். பிறகு பருப்பு வைத்தேன்.

மார்ச் 7

பொலிசுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. இவருடைய துவக்கு அதுவரை ஆர்வித்தின் இரும்பு அலுமாரிக்குள் இருக்க வேண்டுமாம். என் வீட்டு இரும்பு அலுமாரி வெறுமையாக இருக்கிறது. அதற்குள் இவருடைய குளிர்கால ஜாக்கெட்டை வைத்துப் பூட்டினேன். சட்டத்தில் அதற்குத் தடை இருப்பதாக வகுப்பில் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

அனுமதி வந்துவிட்டது. என் பெயரோடு ஆயுத அட்டை. ஆர்வித் துவக்கைக் கொண்டுவந்து தந்தார்.

இனி மறைக்க முடியாததால் எழுதுகிறேன். எனக்குத் துவக்குக்குப் பயம் இல்லை. சத்தத்துக்குத்தான். இவர் வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பழகுகிற நாட்களில் நான் தொழிற்சாலைக்கு மேலதிக வேலைக்குப் போய்விடுவேன். இவருக்குக் காரணம் தெரியும். கேட்டதில்லை.

எங்கள் ஒழுங்கையில், கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடிக்கிற காலத்தில், சத்தத்தை வைத்துத் திசை சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. "தவம், எந்தப் பக்கம்?" என்று பக்கத்து வீட்டு பங்கருக்குள் இருந்தும் கேட்பார்கள். சொல்வேன். சரியாக இருக்கும். ஒருநாள் மட்டும் பிழையாகிப் போயிற்று.

ஏப்ரல் 19

மேலே எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, கிழிக்கலாம். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 28

சைலென்சர் போடலாமா என்று ஆர்வித்திடம் கேட்டேன். இந்த நாட்டில் அது சட்டப்படி வாங்கலாம், வகுப்பிலேயே சொன்னார்கள். வேட்டைக்காரரின் காதுக்கும் நாயின் காதுக்கும் நல்லதாம்.

ஆர்வித்தின் முகம் புளியைக் கண்டதுபோல் போயிற்று. "அதைப் பூட்ட வேணுமெண்டால் குழாயின்ர வாயில திருகுப் புரி வெட்ட வேணும். எங்கட குழுவில பழைய ஆக்கள் ஒருத்தரும் வெட்டேல்லை. குணாவும் வெட்ட விடேல்லை. என்ர துவக்கு என்ர அப்பா தந்தது. நான் செத்தாலும் அதின்ர வாயில கை வைக்க விடமாட்டன். துவக்கு எண்டால் கதைக்க வேணும்."

"உங்கட துவக்கு கதைக்கட்டும். என்ர துவக்கு என்னைப் போல இருக்கட்டும்," என்றேன்.

மே 11

பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் போய்ப் பட்டினத்துக் கடையில் இறங்கினேன். விற்கிற பிள்ளையின் பெயர் மாரித். முப்பது வயது இருக்கும், ஆண்பிள்ளை மாதிரித் தலைமயிர். சைலென்சர் என்றால் எங்கள் ஊரில் மோட்டார்சைக்கிளுக்குத்தான் என்று சொன்னேன். சிரித்துவிட்டு மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

முதலாவது நீளம், பாரம் இல்லை. இரண்டாவது கட்டை, தடிப்பு, நல்ல பாரம். துவக்கை நீட்டிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும் என்று அவளே சொன்னாள். மூன்றாவது பாதி முன்னுக்கும் பாதி குழாயின் மேல் பின்னுக்கும் போகும், துவக்கு அதிகம் நீளாது. இவருடைய துவக்கின் பெயரையும் குண்டின் அளவையும் துண்டில் எழுதிக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. எல்லாத் துவக்குக்கும் எல்லாம் பொருந்தாதாம்.

"ஆகக் கூடக் குறைக்கிறது எது?"

"நீளமானது. ஆனால் காட்டுக்குள்ள கொப்புகளில தட்டுப்படும்."

"படத்தில வாற மாதிரிச் சத்தமே வராதோ?"

அவள் மறுபடி சிரித்தாள், நோகிற மாதிரி இல்லை. "அது படத்தில மட்டும்தான். சத்தம் வரும். வாயால வாற வெடிதான் குறையும். குண்டு காத்தைக் கிழிச்சுக்கொண்டு போற சத்தத்தை ஒருத்தராலயும் அடக்கேலாது. இதைப் பூட்டினாலும் காதுமூடி போட வேணும்." பிறகு விற்கிறவர்களுக்கே உரிய குரலில், "இன்னொரு நன்மை இருக்கு. சத்தம் எங்கயிருந்து வந்தது எண்டு மிருகத்துக்குப் பிடிபடாது. மனிசருக்கும் பிடிபடாது," என்றாள்.

கையிலிருந்ததை மேசையில் வைத்தேன். கோப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் நாற்பது நிமிடம் இருந்தேன். கோப்பி குடிக்கவில்லை.

திரும்பிப் போய் மூன்றாவதை வாங்கினேன். மாரித் என் அட்டையைப் பார்த்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டாள். பெயரை உச்சரிக்கக் கேட்டாள். "த-வ-ம-லர்" என்று நாலு தரம் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் நான் வெறும் 'தவா', இந்த வருடத்தில் என் முழுப் பெயரைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மே 25

துவக்கு திருத்துகிறவர் குழாயின் வாயில் புரி வெட்டினார். கடைசல் யந்திரத்தில் துவக்கைப் பூட்டியபோது வெளியே போய் நின்றேன், சத்திரசிகிச்சைக்கு விட்ட ஆள் மாதிரி. வெட்டி விழுந்த இரும்புத் தூளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஏன் என்று தெரியாது. சின்னப் போத்தலில் போட்டுச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 8

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மணல் குழிக்குள் ஆர்வித்தோடு போய்ச் சுட்டேன். முதல் தரம் கண்ணை மூடினேன். இரண்டாம் தரம் மூடவில்லை. கதவை அடித்துச் சாத்துகிற அளவுச் சத்தம். இருபது குண்டு. பதினேழு வட்டத்துக்குள்.

ஆர்வித் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். எனக்குள் ஒரு திமிர் வந்தது. மரை எல்லாம் இனி என்னைக் கண்டு ஓட வேண்டும்.

ஜூன் 22

சூட்டுத் தேர்வு.

நூறு மீற்றருக்கு அப்பால் மரை வரைந்த பலகை. ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழ வேண்டும். எட்டுப் பேர் வரிசையாக. நான் மூன்றாவது. இடது பக்கம் ஆர்வித், வலது பக்கம் பேக்கரிக்காரர், எல்லாரும் எங்கள் குழுதான்.

நான் இன்னும் சுடவே இல்லை. ஆர்வித் முதலில் சுட்டார்.

பிறகு எனக்குத் தெரிந்தது, என் முகம் நிலத்தில் இருந்தது, வாய்க்குள் மண். இரண்டு கையும் தலைக்கு மேல். துவக்கு வாங்கில் ஒழுங்காகக் கிடந்தது. அதை மட்டும் என் கை கவனமாக வைத்திருக்கிறது. எழுபது வயதுப் பேக்கரிக்காரர் என்னை எழுப்ப வந்து, எப்படித் தொடுவது என்று தெரியாமல் நின்றார்.

சைலென்சர் என் துவக்கில் இருந்தது. பயமோ மற்றவர்களுடைய துவக்கில் இருந்தது. இதைக்கூட யோசிக்காமல் மூன்று சைலென்சரைத் தூக்கித் தூக்கிப் பாரம் பார்த்திருக்கிறேன். மொக்குச் சனி.

பஸ்ஸில் வந்தேன். ஆர்வித் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூன் 23

ஞாயிறு. ஒருவரும் வரவில்லை. இரவிலும் வெயில் போகவே இல்லை.

ஜூலை 2

ஆரணிக்குச் சொன்னேன், தேர்வில் பெயில் விட்டுவிட்டேன் என்று.  "அம்மா, விழுந்ததில காயம் ஏதும் பட்டதோ?" என்று கேட்டாள். விழுந்தது பற்றி நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஆர்வித்தின் போன் இலக்கம் அவளிடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 14

ஆர்வித் வந்தார். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். ஒரு மணித்தியாலம் மீன் விலை, மகனுடைய விவாகரத்து, காலில் வந்த நீர் என்று எல்லாம் கதைத்தார். பிறகு, "அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

இவரிடம் முப்பது வருடம் சொல்லாததை ஆர்வித்திடம் சொன்னேன். வேற்று மொழியில் சொல்வது சுலபம். அந்த மொழியில் நான் தம்பியோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்று பின்னேரம் பங்கருக்குள் இருந்தோம். தண்ணீர் முடிந்துவிட்டது. கிணறு முப்பது அடி தூரம். ஒரு ஷெல் புறப்படுகிற சத்தம் கேட்டது. தம்பி வாளியோடு, "அக்கா, போகலாமோ?" என்றான். காதைக் கொடுத்துக் கேட்டேன். "கடல் பக்கம். போ," என்றேன்.

அன்று காற்று மாறி அடித்தது. சத்தத்தைக் காற்றுத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒழுங்கை முழுக்க என்னைக் கேட்டுத்தான் நடக்கும், அதனால் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

"மாரித் சொன்னவள், இதைப் பூட்டினால் எங்கயிருந்து சத்தம் வருது எண்டு தெரியாதாம்," என்று ஆர்வித்திடம் சொன்னேன். "தெரிஞ்சாலும் எனக்குப் பயம், தெரியாட்டிலும் பயம். நான் காட்டுக்குச் சரிவரமாட்டன். வாத்தியாருக்குச் சொல்லுங்கோ."

ஆர்வித் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்த மனிதர் கோப்பை கழுவி நான் கண்டதில்லை. "இன்னொரு தேர்வு நாள் இருக்கு. ஓகஸ்ட் பதினேழு. வாத்தியாருக்கு அதுக்குப் பிறகு சொல்லுறன்," என்றார். 

ஜூலை 15

இவருடைய கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் திகதிக்கு அடுத்ததாகக் காற்றைத்தான் எழுதியிருக்கிறார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஓகஸ்ட் 3

இவருடைய ஆண்டுத் திவசம். பிராமணர் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் தூரத்தில். ஆரணி வந்து நின்றாள். சோறும் ஐந்து கறியும் சமைத்துப் படைத்தோம். காகத்துக்கு வைத்த சோற்றைக் கடல் பறவைகள் தின்றன. "அப்பாவுக்கு இவையளைத்தான் கூடத் தெரியும்," என்றாள் ஆரணி. பிள்ளைக்கு இவருடைய பகிடி வந்திருக்கிறது.

போகும்போது, "அம்மா, தேர்வுக்குப் போங்கோ," என்றாள்.

"ஜனவரியில என்னத்துக்குத் துவக்கு எண்டு கேட்டனி."

"அது ஜனவரி."

ஓகஸ்ட் 17

போகக் கூடாது என்றுதான் காலையில் எழும்பினேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதே வாங்கு, மூன்றாவது இடம். காதுமூடியைப் போட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன், எங்கே விழுவது என்று இடம் பார்த்து வைப்பது நல்லதுதானே. இடது பக்கம் ஆர்வித் துவக்கை உறையிலிருந்து எடுத்தார். கடைக்கண்ணால் பார்த்தேன்.

அவருடைய அப்பாவின் துவக்கு. அதன் வாயில் கறுத்த சைலென்சர். புதிது, விலைத்துண்டின் பசைகூட முழுதாகப் போகவில்லை.

வலது பக்கம் பேக்கரிக்காரர். அவருடையதிலும். அதற்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். என்னுடையதைத் தவிர எங்கள் குழுவில் ஒன்பது துவக்கு. ஒன்பதிலும்.

"என்ன இது?" என்றேன்.

"காது நோகுது," என்றார் ஆர்வித். "வயசு போகுதெல்லோ."

"எல்லாருக்குமோ?"

"ஓம். ஒரே கிழமையில வந்திட்டுது," என்றார் பேக்கரிக்காரர். ஆர்வித் அவரை முறைத்தார்.

ஆர்வித் சுட்டார். கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். என் தோள் துள்ளியது, விழவில்லை. இரண்டாவது கதவு. மூன்றாவது. ஒன்பது பேரும் ஒரு குண்டு சுட்டுவிட்டு நிறுத்தினார்கள். என் முறைக்காக நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் பலகையைத்தான் பார்த்தார்கள்.

ஐந்து குண்டு. ஐந்தும் வட்டத்துக்குள்.

வீட்டுக்கு வந்து இரும்பு அலுமாரியைத் திறந்து இவருடைய ஜாக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நல்லாக அழுதேன். ஒன்பது பேருக்கு முன்னால் அழாமல் வந்ததற்கு அது கூலி.

ஓகஸ்ட் 18

ஆர்வித்துக்கு மிளகாய்த்தூள் போடாத கட்லட் ஐம்பது செய்து அனுப்பினேன். காதுக்கு நல்லது என்று துண்டு எழுதி வைத்தேன்.

செப்டெம்பர் 25

வேட்டை முதல் நாள். நாலாம் இடம் ஒரு பாறை. பின்னுக்குப் பிர்ச் மரங்கள், முன்னுக்குச் சதுப்பு. இவர் இருந்து இருந்து பாறையில் ஒரு பக்கத்துப் பாசி வளரவே இல்லை. அதில் இருந்தேன்.

தனிமை என்றால் இத்தனை நாளும் வீட்டில் இருந்தது என்று நினைத்தேன். காட்டுக்குள் தனியே இருப்பது வேறு. இதில் ஒன்பது பேர் எங்கேயோ இதேபோல் தனியே இருக்கிறார்கள்.

பத்து மணிக்கு ஒரு சத்தம். கிழிகிற சத்தம் மட்டும். மாரித் சொன்னது சரிதான், எங்கிருந்து என்று பிடிபடவில்லை. மேலிருந்தும் வந்தது, கீழிருந்தும் வந்தது.  கை தலைக்குப் போகத் தொடங்கியது.

காதுமூடிக்குள் வானொலி கரகரத்தது. "ஆர்வித். ஏழாம் இடம். தவா, உமக்குக் கிழக்கால, மலை அடிவாரம். நான் சுட்டது மற்றப் பக்கம் பாத்து. காத்து வடக்கு."

கையை இறக்கினேன்.

மத்தியானம் இன்னொன்று. உடனே குரல். "பேக்கரி. ரெண்டாம் இடம். தவா, உமக்கு மேற்கால. கடல் பக்கம் பாத்து. தவறவிட்டிட்டன்."

அவர்கள் முன்பு இப்படிச் சொல்வதில்லை. மிருகம் விழுந்தால் மட்டும்தான் வானொலியைத் திறப்பார்களாம். இவருடைய கொப்பியில் இருக்கிறது.

கடல் பக்கம் என்று ஒருவர் சொல்ல, அது உண்மையிலேயே கடல் பக்கமாக இருந்தது. அந்தப் பாறையில் இருந்துகொண்டு தம்பியை நினைத்தேன். நெடுநேரம் நினைத்தேன். முன்பெல்லாம் அவன் வாளியோடு போகிற இடத்தில் நினைப்பை நிறுத்திவிடுவேன். இன்று அவனுடைய முகம் வரைக்கும் போனேன்.

செப்டெம்பர் 26

மழை. ஒன்றும் வரவில்லை. சோற்றுப் பார்சலை நனையாமல் சாப்பிட்டதுதான் இன்றைய வேட்டை.

செப்டெம்பர் 27

காலை எட்டேகால். சதுப்புக்கு அப்பால் ஒரு பிர்ச் மரம் நடந்தது. மரம் இல்லை. தனி ஆண், பட்டியலில் சுடலாம் என்று இருக்கிற வயது. எண்பது மீற்றர். காற்று என் முகத்தில் அடித்தது, அதற்கு என் மணம் போகாது. பக்கவாட்டில் திரும்பி நின்றது.

சுட்டேன். இரண்டு அடி வைத்தது, முன்னங்கால் மடிந்து படுத்தது. எழும்பவில்லை.

 வானொலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

"ஆர் சுட்டது?" என்று ஆர்வித்தின் குரல். "சத்தம் கேட்டது. எங்க எண்டு தெரியேல்லை. ஆர்?"

ஒன்பது பேர் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பொத்தானை அமத்தினேன்.

"தவா. நாலாம் இடம். கிழக்கால பாத்துச் சுட்டனான். ஆரும் வரலாம், பயமில்லை."

பின்னேரம் எங்கள் கராஜ். கொழுக்கியில் மரை. பத்துக் குவியல். நான் குசினிக் கதவில் நின்று எட்டிப் பார்க்கவில்லை, மேசையோடு நின்றேன், முழங்கை வரை இரத்தம். பேக்கரிக்காரர் முதுகைக் காட்டி நின்றார். ஆர்வித் குவியலில் கையை வைத்தார்.

"இது ஆருக்கு?"

இவருடைய பெயர் பழக்கத்தில் வரும், வந்தால் அழக் கூடாது, "என்ர" என்று சொல்லி எடுக்க வேண்டும் என்று காலையிலிருந்தே என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயராகப் போயிற்று. ஆறு. ஏழு. என் காது முழுக்கக் 'குணா' என்ற சொல்லுக்காக நின்றது.

"இது ஆருக்கு?"

"தவா."

ஒருவரும் எடுக்கவில்லை. யாரடா அது, எடுக்காமல் நிற்கிறது என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

"உம்மத்தான்," என்றார் ஆர்வித்.

எல்லாரும் போன பிறகு நிலத்தைக் கழுவினேன், கழுவிய இடத்தையே இன்னொரு தரம் கழுவினேன். பாதி இறைச்சி ஆரணிக்கு. சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த இரும்புத் தூளை எடுத்து இவருடைய ஜாக்கெட் பைக்குள் வைத்தேன். இனி இந்தக் கொப்பியில் இவர் எழுதிய மாதிரியே எழுதுவதுதான் முறை.

திகதி: செப்டெம்பர் 27.
காற்று: கிழக்கு.
இடம்: நாலு.
சுட்டது: தவா.